சிவப்பு வருதா?

மேனாம்பேட்டில் ஒன்பதடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை பராமரிப்பு. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு அது யாரையாவது திட்டித் தீர்க்கிற நாள். சட்னி பாதி அரைந்து நின்ற மிக்சியை விட்டுவிட்டு பால்கனிக்கு வருவார்கள். கீழே கம்பத்தடியில் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் குற்றவாளிகள். அன்றைக்கு அங்கே நின்றது அகல்யாவின் குடும்பம்.

கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றோடு அப்பா கஜபதி. கீழே, பூக்கடையில் இரவல் வாங்கிய குடையை மண் டின்னில் நட்டுவிட்டு, அதன் நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அம்மா ராஜகுமாரி. அவள் முன்னால் இன்னொரு ஸ்டூலில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு மிஷின். முடியை விட மெல்லிசான இரண்டு கண்ணாடி இழைகளை எதிரெதிரே வைத்து மூடினால், ஒரு பொறி தட்டி, ஒட்டிக் கொடுக்கும். அகல்யா, பி.இ., தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிப் படித்தவள், ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குக் கலர் சொல்ல வந்திருந்தாள்.

நாலு நாளைக்கு முன்னால் போர் போடுகிற லாரி ஒன்று தலையில் குழாய்களோடு இந்தத் தெருவுக்குள் நுழைந்து, மின்கம்பங்களில் தொங்கிய இன்டர்நெட் கேபிளை வாரிக்கொண்டு போய்விட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம், கம்பெனியின் நெட் கிளம்புகிற ஹப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கம்பம் கம்பமாக வந்து, இந்தக் கம்பத்துப் பெட்டியில் முடிகிற கேபிள் அது. உள்ளே இருபத்துநாலு இழை. அது அறுந்ததில் நாலு தெருவுக்கு நெட் இல்லை. மேலே ஓடுவது பதினோராயிரம் வோல்ட். அதை நிறுத்தாமல் அந்தக் கம்பத்தில் கை வைக்க முடியாது. அதனால்தான் நாலு நாள் காத்திருந்து, பராமரிப்பு நாளில் ஐந்து மணி நேரம் கடன் வாங்கியது.

மின்வாரியத்து ஜெயராமன் பைக்கில் உட்கார்ந்தபடியே, கரண்ட் நிறுத்தியதற்கான லைன் கிளியர் சீட்டை நீட்டிக் கஜபதியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"கஜா, ரெண்டுன்னா ரெண்டுதான். ரெண்டு அடிச்சி ஒரு நிமிசம் நீ மேல குந்தினுருந்த, அப்பறம் உன்ன கருவாட்டுக் கொழம்புலதான் போடணும் மாமே."

"அதெல்லாம் ஒண்ணரைக்கே எறங்கிருவேன் அண்ணாத்தே."

"பொண்ணு எதுக்கு வந்துகீது? படிச்ச புள்ளய வெய்யில்ல நிக்க வெச்சிகினு."

"சொம்மா. வேடிக்க பாக்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

பதிலில் குறையொன்றும் இல்லை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த அட்டையில் டெக்னீசியன் என்று கஜபதியின் பெயர்தான் இருந்தது. ஏழு வருடமாக அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை ஆயிரம் இழைகளை ராஜகுமாரி ஒட்டியிருப்பாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் அவளும் வேடிக்கை பார்க்க வந்தவள்தான். எஸ்டேட்டில் மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். அது மூடியபோது, கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்த புருஷனோடு கிளம்பினாள். ஆண்களின் விரல் வேர்த்தால் இழை வழுக்கும், இவள் விரல் வேர்ப்பதில்லை என்று நாலே நாளில் வேலையைக் கொடுத்தார்கள். அட்டையைக் கொடுக்கவில்லை.

கஜபதி மேலிருந்து பெட்டியையும் கேபிளையும் கயிற்றில் கட்டி இறக்கினார். அம்மா மேலுறையை நீளவாக்கில் கீறி உரித்தாள். உள்ளே நீல ஸ்ட்ரா ஒன்று, ஆரஞ்சு ஸ்ட்ரா ஒன்று. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நிறத்தில் பன்னிரண்டு இழை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், வயலெட், ரோஸ், கடைசியாகக் கடல் நிறம். இந்தப் பக்கத்து நிறத்தை அந்தப் பக்கத்து அதே நிறத்தோடு ஒட்ட வேண்டும். உலகம் முழுக்க இதே வரிசைதான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எந்த நாட்டில் அறுந்தாலும் தன்னால் ஒட்ட முடியுமாம்.

"நீலம்" என்றாள் அகல்யா.

"உம்."

"ஆரஞ்சு."

"அது நல்லாவே தெரிது. தெரியறத எல்லாம் சொல்லாதடி, மண்ட காயுது."

"எது தெரியும் எது தெரியாதுன்னு லிஸ்ட் எழுதிக் குடுத்துடு. ஒட்டி வெச்சிக்கிறேன்."

"வாயப் பாரு. இந்த வாய்க்குத்தான் எவனும் வரமாட்டேன்றான்."

"வரவனுக்கு மட்டும் கண்ணு தெரியவா போவுது?"

மேலே அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இழையை ஸ்பிரிட் நனைத்த காகிதத்தில் துடைத்து, நுனியை வெட்டி, வெட்டிய துணுக்கை மாத்திரை டப்பாவுக்குள் போட்டாள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி அது. தோலுக்குள் போனால் வெளியே வராது. அவள் இடது கட்டைவிரலில் நாலு வருடத்துக்கு முன்னால் போனது இன்னும் இருந்தது. மழை வந்தால் குத்தும் என்பாள்.

பத்தரை மணிக்கு வெயில் குடையைத் துளைத்தது. எதிர் ஃப்ளாட்டிலிருந்து லேப்டாப் பையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். ஷோபனா. ஈரோட்டுப் பக்கம். இரண்டாவது மாடிக்குக் குடிவந்து ஒரு வருடம் இருக்கும்.

"அக்கா, பதினொண்ணுக்கு எனக்கு கிளையண்ட் கால் இருக்குதுங்க. நாலு நாளா போன் டேட்டாவுலயே ஓட்டிட்டிருக்கேன். எப்பங்க வரும்?"

"ரெண்டு மணிக்கு வந்துரும் கண்ணு. உனுக்குத்தான் மொதல்ல குடுக்கறேன்."

காலையிலிருந்து ஐந்து பேருக்கு அவள் முதலில் கொடுத்தாயிற்று.

ஷோபனா குனிந்து பார்த்தாள். "ஐயோ, முடியாட்ட இருக்குதுங்க. இதுக்குள்ளயா அத்தனையும் வருது?"

"ஆமா. இந்தா, இத்த பாரு. இது இன்னா கலருன்னு சொல்லு பாப்போம்?"

ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் ஷோபனா. கண்ணைச் சுருக்கினாள். "வெள்ளைங்களா? இல்ல, இல்ல, சாம்பல்."

"கரீட்டா சொல்ட்டியே!"

அவள் சிரித்துக்கொண்டே ஆட்டோ பிடிக்கப் போனாள். அகல்யாவுக்குக் காது சுட்டது.

"நான் எதுக்கும்மா இங்க குந்தினுகீறேன்? போறவ வரவளையெல்லாம் கேக்கறதுக்கு நான் எதுக்கு?"

"நீ சொன்னது சர்தானான்னு பாத்தேன்."

"நான் சொன்னா நம்பிக்கை இல்ல. சேக்காட்டுல கேட்டியே ஒரு ஆளாண்ட, அந்த ஆளு மேல மட்டும் நம்பிக்கை."

அம்மா மிஷின் மூடியைச் சாத்தினாள். உள்ளே பொறி தட்டியது.

சேக்காட்டில் நடந்தது இதுதான். போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே ஜாயின்ட் போட்டுக்கொண்டிருந்தாள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. சாம்பல் எது வெள்ளை எது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடமாக அவள் செய்துவந்ததையே அன்றும் செய்தாள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, விளையாட்டுப் போலக் கேட்பாள். டியூஷனுக்குப் போகும் பெண் பிள்ளைகள், கீரை விற்கிறவள், தண்ணிக் கேன் போடுகிறவன், யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வந்தவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாக்கிங் வந்தவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. இவ்வளவு படித்த மனுஷன் தப்பாகவா சொல்வார் என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒட்டிவிட்டாள். பிறகு அகல்யா அந்தத் தெருவுக்கே போய் விசாரித்தாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தார்.

ஐந்தாம் இழையும் ஆறாம் இழையும் மாறிப்போய், மறுநாள் பதினோரு மணி நேரம் ஒரு கிளினிக்கும் இரண்டு தெருவும் செத்துக் கிடந்தன. அந்தப் புகார் வந்து விழுந்தது அகல்யாவின் திரையில்தான். கான்ட்ராக்ட் கம்பெனியில் புகார் எடுத்து அனுப்புவதுதான் அவள் வேலை. நாலு வருடம் மின்னணுப் பொறியியல் படித்தவளுக்கு ஹெட்போனை மாட்டி, சாரி சார் என்று சொல்ல உட்காரவைத்திருந்தார்கள். ஜாயின்ட் போட்டது யார் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. சாரி சார் என்று சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டாள். "ஒட்டினதும் செக் பண்ண மாட்டீங்களா? அப்பா அந்தக் கடைசியில பேனா வெச்சாரா இல்லியா?"

"வெச்சாரு. செவப்பு வந்துச்சே. நான்தான பாத்தேன்."

பேனா என்பது லேசர் பேனா. ஹப்பில் ஒரு இழையில் அதைச் செருகினால், இந்த முனையில் அதே எண்ணுள்ள ஓட்டையில் சிவப்பு வெளிச்சம் வரவேண்டும். வந்தால் ஒட்டு சரி. வேறு ஓட்டையில் வந்தால் கிராஸ். ஏழு வருடமாக அப்பா அங்கே நின்று போனில் கேட்பார், சிவப்பு வருதா? அம்மா முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துச் சொல்வாள், வருது. பகல் வெளிச்சத்தில் தூர வைத்தால் தெரியாது. நேராகப் பார்க்கக் கூடாது என்று பேனாவின் மேலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில். சில ஜாயின்ட்டுகளில் பேனா இருபதடி தூரத்தில்கூட இருந்திருக்கிறது, வெளிச்சம் குறையாமல் கண்ணில் விழுந்திருக்கிறது.

சந்தேகம் வந்து அகல்யா கூட்டிப்போன கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கண்ணைக் கூசும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். "இப்ப என்னம்மா தெரியுது?"

"செவப்பா ஒரு பொட்டு."

"எங்க?"

"எங்க பாத்தாலும். கண்ண மூடினாலும் கீது. ரெண்டு வருசமா. வலது கண்ணுல மொதல்ல வந்துச்சி, அப்பறம் இடது கண்ணால பாத்துனு இருந்தேன். இப்ப அதுலயும் லேசா."

உள்ளே தழும்பு விழுந்துவிட்டது, அதற்கு மருந்து கிடையாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அகல்யாவுக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அம்மா எந்த முனையைப் பார்த்தாலும் சிவப்பு வந்திருக்கும். வராத முனையிலும் வந்திருக்கும்.

இதை வெளியே சொல்ல முடியாது. இன்னொரு கிராஸ் வந்தால் டீமையே எடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் ஸ்ரீராம் சொல்லியிருந்தான். அப்பாவுக்கு ஐம்பத்தொன்று. அம்மாவுக்குக் கண். அட்டை போனால் எஸ்டேட்டில் எந்தக் கேட்டும் இவர்களுக்குத் திறக்காது. வாட்ச்மேன் வேலைக்குக்கூட முப்பத்தைந்துக்குள் கேட்கிறார்கள்.

பதினொன்றரைக்கு அப்பா இறங்கி வந்து, ஸ்பீக்கரில் போட்டு ஸ்ரீராமைக் கூப்பிட்டார். பவர் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. முனையில் செருகினால் வெளிச்சத்தின் அளவை எண்ணில் காட்டும். கண்ணே தேவையில்லை.

"சார், மீட்டர அனுப்பறேன்னீங்களே."

"அது பூந்தமல்லி டீமாண்ட இருக்கு கஜபதி. இத்தனை வருஷம் மீட்டர் வெச்சா பண்ணினீங்க? பேனா இருக்குல்ல?"

"இருக்குது சார். பகல்ல செரியா தெரியல..."

"ஏழு வருஷமா தெரிஞ்சது இன்னிக்கு எப்படித் தெரியாமப் போகும்? இதுவும் கிராஸ் ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்குங்க. ஆமா, உங்க பொண்ணுக்கு வயித்துவலியாமே?"

"ஆமா சார். படுத்துனுகீது."

படுத்துக்கொண்டிருந்தவள் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சு ஸ்ட்ராவிலிருந்து ரோஸ் இழையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மீட்டர் வேண்டும் என்று அவளே ஆபீசில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். கோபத்தில் வெடுக்கென்று இழுக்க, இழை ஒடிந்தது.

"மெதுவா" என்றாள் அம்மா. "அது கோவத்துக்கு எல்லாம் நிக்காது."

பன்னிரண்டரைக்கு இருபத்துநாலும் ஒட்டி முடிந்தது. அப்பா சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு ஹப்புக்குக் கிளம்பினார். அம்மா செல்லோ டேப்பைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் ஒட்டி ஒட்டி எடுத்தாள், ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகள் போக. அகல்யாவின் விரல்களையும் இழுத்துப் பிடித்து ஒட்டி எடுத்தாள். பிறகு புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள். உருளைக்கிழங்கு வறுவலை மகள் பக்கம் தள்ளிவைத்தாள். டப்பாவின் ஓரத்தைக் கையால் தடவித்தான் சோற்றைத் தொட்டாள். அகல்யா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சாப்பிட்டாள்.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. செல்போன் கேமரா. துப்பட்டாவைத் தலைக்கு மேல் போர்த்தி நிழல் செய்து, பெட்டியின் ஓட்டைக்கு நேரே கேமராவைப் பிடித்தால், திரையில் சிவப்புப் புள்ளி தெரியும். போன வாரம் வீட்டில் செய்து பார்த்திருந்தாள். படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "ஒண்ணு வெச்சிட்டேன். செவப்பு வருதா?"

திரையில் ரத்தத் துளி மாதிரி ஒன்று.

"வருதுப்பா!"

"ரெண்டு."

"வருது."

ஐந்து வந்தது. ஆறு வந்தது. அது இரண்டும் சரியாக வந்தபோது அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அப்பவே இப்டி ஒண்ணு சொல்லியிருந்தா" என்றாள். அகல்யாவுக்கு அந்த அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. துப்பட்டாவுக்குள் புழுங்கிக்கொண்டு, வருது, வருது என்று சொல்லச் சொல்ல, இனிமேல் அம்மா எதையும் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு கணக்குப் போட்டாள்.

பதினாறு முடிந்ததும் போன் கையைச் சுட்டது. திரை மங்கியது. சார்ஜ் இரண்டு சதவீதம் என்றது. அடுத்த நொடி கறுத்துப்போனது. காலையிலிருந்து இந்தத் தெருவில் கரண்ட் இல்லை.

அம்மாவின் பட்டன் போன் அடித்தது. "இன்னா கட் ஆச்சி? பதினேழு வெச்சிகீறேன். வருதா?"

மணி ஒன்று இருபது. அப்பா அங்கிருந்து வந்து, ஏறி, பெட்டியைக் கட்டி இறங்க இருபது நிமிடமாவது வேண்டும். ஜெயராமன் பைக்கில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நின்றார். "இன்னாம்மா, ஆச்சா? சப் ஸ்டேசன்ல இருந்து கேட்டுனே கீறாங்க."

"அண்ணே, உங்க போன் குடுங்க, கேமரா வேணும்" என்றாள் அகல்யா.

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதுவும் பட்டன் போன்தான். "டிபார்ட்மென்ட்டு குடுத்தது" என்றார். "மளார்னு முடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அகல்யா நிமிர்ந்து பார்த்தாள்; உச்சி வெயிலில் எந்தப் பால்கனியிலும் ஆள் இல்லை.

"குடுடி, நான் பாக்கறேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.

"நீ பாத்தா எல்லாமே வரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அகல்யா ஓட்டைக்கு எதிரே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். வெயில்தான் விழுந்தது. துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்திப் பார்த்தாள். கருநீலத் துணிக்குள்ளும் வெயில். இரண்டு கிலோமீட்டர் கடந்து வருகிற சிவப்புக்கு அவ்வளவுதான் தெம்பு.

"வருதா இல்லியா? இன்னாடி பண்ணினுகீறீங்க ரெண்டு பேரும்?"

பெட்டியை மடியில் தூக்கி வைத்து, முகத்தைக் குனிந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணை ஓட்டையருகே கொண்டுபோனாள். அங்கே இருந்தது. சின்னதாக, அழகாக.

"வருதுப்பா."

"அகலு, வேணாம்" என்றாள் அம்மா. "கண்ண எடு. எடுடின்றேன்."

"பதினெட்டு."

"வருது."

"பத்தொம்போது."

"வருது."

இருபத்தொன்று வரை தெளிவாக வந்தது. இருபத்திரண்டில் கண்ணை வைத்தாள். சிவப்பு இருந்தது. முகத்தை எடுத்து பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது. திரும்பக் குனிந்தாள். ஓட்டையில் இருப்பது ஓட்டையில் இருப்பதா, கண்ணில் இருப்பதா?

"ப்பா, பேனாவ ஆஃப் பண்ணு."

"பண்ணிட்டேன்."

இருந்தது.

"ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன். வருதா? மணி ஒண்ணு முப்பத்தஞ்சி, அகல்யா. நான் கெளம்புணும்."

இருந்தது. பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் யாரிடமும் இல்லை. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதைப் பார்க்க முடிந்ததோ அதை.

"வருதுப்பா" என்றாள் அகல்யா.

இருபத்துமூன்று வருது. இருபத்துநாலு வருது.

அப்பா வந்து ஏறினார். பெட்டியைக் கட்டினார். இரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது சட்டை முழுக்க நனைந்து இறங்கினார். ஜெயராமன் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மணிக்குத் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஓவென்று சத்தம் எழுந்தது. மோட்டார்கள் உறுமின. எந்த வீட்டிலோ பாதியில் நின்ற மிக்சி தானாகச் சுற்றியது. பால்கனியிலிருந்து ஒருவர், "நெட் வந்துடுச்சு!" என்று உள்ளே யாருக்கோ கத்தினார். கீழே யாரையும் பார்க்கவில்லை.

அப்பாவின் போனுக்கு ஸ்ரீராமிடமிருந்து செய்தி வந்தது. வியாழக்கிழமை ஆவடியில் இதே மாதிரி லைன் கிளியர், இதே டீம், நாற்பத்தெட்டு இழை.

"பாத்தியா, இன்னும் நம்ம மேல நம்பிக்க கீது" என்றார் அப்பா. குடையைத் திருப்பிக் கொடுக்கப் பூக்கடைக்கு நடந்தார்.

அம்மா டப்பாக்களைப் பைக்குள் வைத்தாள். மாத்திரை டப்பாவைத் தடவித் தேடி எடுத்து மூடியை இறுக்கினாள். பிறகு மகளின் பக்கத்தில், கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் குந்தினாள்.

"அந்த இருவத்திரெண்டு, நெஜமா வந்துச்சா?"

"வந்துச்சி."

"கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடுடி. மூடினு எண்ணு. எனுக்கு மொதல்ல எல்லாம் பத்து எண்றதுக்குள்ள போய்டும்."

அகல்யா கண்ணை மூடினாள். மனதுக்குள் எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அம்மாவின் விரல், கண்ணாடி குத்தியிருந்த அந்தக் கட்டைவிரல், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினேழு. பதினெட்டு.

"போச்சா?"

இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருந்தது.

"போச்சிம்மா" என்றாள்.